சின்னானுக்கு எந்த ஊர்?

எங்கள் தாய்மாமாவுக்கும் கொல்லைப்புறக் குருவிக்கும் ஒரே பெயர், சின்னான். "சின்னான் வந்து கொய்யாவ கொத்திட்டுப் போயிட்டான்" என்று திண்டிவனத்து வீட்டில் ஆயா கத்தினால், எந்தச் சின்னான் என்று கேட்டுக்கொண்டுதான் கல்லைக் கையில் எடுப்போம். கொய்யா விஷயத்தில் மாமாவும் நம்பத் தகுந்தவர் இல்லை.

குருவிச் சின்னானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரிச்சட்டிக்குள் தலையை விட்டு எடுத்தாற்போல முகம், எண்ணெய் காணாத குட்டிக் கொண்டை, செதில் செதிலாகப் பழுப்பு உடம்பு. வாலடியில் மட்டும் குங்குமத்தைக் கொட்டினாற்போலச் சிவப்பு. அந்தச் சிவப்புதான் என் மானத்தை வாங்கியது.

போன மாதம் விழுப்புரம் பஸ்ஸில் மகள் பறவைப் புத்தகத்தைப் பிரித்து, "செம்புழைக் கொண்டைக்குருவின்னா என்னப்பா?" என்றாள். கொண்டை தெரியும், செம்மை தெரியும். "புழைன்னா?" விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்று, இன்ஜின் சத்தமும் அடங்கியிருந்தது. "துவாரம்மா" என்றேன். "எந்தத் துவாரம்?" முன் சீட்டுப் பெரியவர் பேப்பரை மடித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். நான் டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தேன்.

புல்புல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அது பாரசீகச் சொல். அந்த ஊர்க் கவிஞர்கள் உருகி உருகிப் பாடிய இராப்பாடி வேறு பறவை. நம் சின்னான் போட்டுக்கொண்டிருப்பது இரவல் சட்டை.

அறிவியல் பெயர் இன்னும் மோசம். பிக்னோனோட்டஸ் காஃபர். முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் 'அடர்ந்த முதுகு' என்று பொருள். பின்பாதி, தென்னாப்பிரிக்காக்காரன் என்கிறது! 1760-இல் பிரிஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் தன்னிடம் இருந்த பாடம் செய்த சின்னானை நன்னம்பிக்கை முனையில் பிடித்தது என்று நம்பி எழுதிவைத்தார். 1766-இல் லின்னேயஸ் அதைப் பார்த்துப் பெயர் சூட்டிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் சொந்தப் பறவைகளில் சின்னான் கிடையவே கிடையாது. இலங்கை என்று பிறகு மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் 1952-இல் ஸ்ட்ரெஸ்மான் என்ற ஜெர்மானியர், இதற்கான மூல ஊர் புதுச்சேரி என்று தீர்த்துவைத்தார். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு 186 வருஷம் தப்பு முகவரி.

எனக்கு இது புதிதில்லை. ரேஷன் கார்டில் என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறி, ஒன்பது வருஷம் என் அப்பாவுக்கு நானே அப்பாவாக இருந்தேன். சர்க்கரை வாங்கப் போகும்போதெல்லாம் அவர் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டார். எங்கள் ஊர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. திண்டிவனத்தைத் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பார்கள். இன்று புளிக்குக் கடைக்குத்தான் போகிறோம். விழுப்புரத்தின் 'ழ' ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் 'வில்லு' ஆகிவிட்டது.

நானாவது நடையாய் நடந்து கார்டைத் திருத்திக்கொண்டேன். சின்னானுக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஊரைத் திருத்தினார்களே தவிர பெயரைத் தொடவில்லை. பொருள் தப்பு என்பதற்காக முதலில் வைத்த பெயரை மாற்றக்கூடாது என்பது விலங்கியல் சட்டம்.

அவன் அலட்டிக்கொள்ளவும் இல்லை. 1903 வாக்கில், கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன நம்மவர்களோடு ஃபிஜித் தீவுக்கே போய்ச் சேர்ந்தான் என்கிறார்கள். இப்போது உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவிகள் பட்டியலில் அவன் பெயரும் இருக்கிறது. ஆப்பிரிக்கா போகாமலே ஆப்பிரிக்காக்காரன், போன இடத்தில் ரவுடி.

எல்லாவற்றையும் ஆயாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, கொய்யாவுக்கு வலையக் கட்டு" என்றாள். கட்டியாயிற்று. மூன்று நாளாகச் சின்னான் வலைமேல் உட்கார்ந்து, கண்ணி வழியாக அலகை விட்டுக் கொத்துகிறான். மாமாதான் இந்தப் பக்கம் வரவில்லை.