கிட்கான்ஃபிக் இலக்கணம்: ஒரு சிற்றாய்வு

கிட்கான்ஃபிக் என்பது கிட் என்னும் கட்டளைவரிக் கருவிக்கு விதி வகுக்கும் உரைக்கோப்பு. நிரலின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் அந்தக் கருவியை, லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கினார். பயனரின் வீட்டு அடைவில் இருக்கும் இந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால், லினக்ஸின் சாதாரணப் பட்டியலில் அது தென்படாது. கண்ணுக்குத் தெரியாத அதிகாரமே வலிது என்னும் கருத்துக்கு இஃதொரு சான்று.

1. அதிகார இயல்

விதிகள் பொதுவாக வாழும் இடம் மூன்று: கணினி முழுமைக்குமான சிஸ்டம், பயனருக்குரிய குளோபல், ஒரு ரெப்போவுக்கு, அதாவது ஒரு நிரல் களஞ்சியத்துக்கு, மட்டுமான லோக்கல். கிட் இவற்றை இதே வரிசையில் படிக்கும். ஒரே விதி இரண்டு இடங்களில் வேறுபட்டால், கடைசியாகப் படித்ததே செல்லும். பஞ்சாயத்துத் தீர்மானம் நாடாளுமன்றச் சட்டத்தை வெல்லும் ஆட்சிமுறை இது. கட்டளையிலேயே 'மைனஸ் சி' போட்டுத் தரும் விதி இம்மூன்றையும் வெல்லும். ஆனால் அதன் ஆயுள் அந்த ஒரு கட்டளையளவே.

2. சொல்லியல்

பகுதிப் பெயர் சதுர அடைப்புக்குள் வரும். அதன்கீழ் பெயர், சமக்குறி, மதிப்பு. ஆம் என்பதற்கு ட்ரூ, எஸ், ஆன், 1 ஆகிய நான்கும், இல்லை என்பதற்கு ஃபால்ஸ், நோ, ஆஃப், 0 ஆகிய நான்கும் ஏற்புடையன. சமக்குறியே இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் ஆம். சமக்குறி போட்டுவிட்டு மதிப்பை எழுதாமல் விட்டால் இல்லை. மௌனம் சம்மதம் என்பதை கிட் பாதிதான் ஒப்புக்கொள்கிறது. வாயைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பது மறுப்பென்றே கொள்ளப்படும்.

3. தன்னறிவு இயல்

யூசர்.நேம், யூசர்.இமெயில் இரண்டும் இல்லாமல், கிட்டாலும் ஊகிக்க முடியாமல் போனால், மாற்றத்தைப் பதிவுசெய்யும் கமிட் நின்றுவிடும். நீங்கள் யார் என்று சொல்லுமாறு திரை கேட்கும். வேதாந்திகள் ஆயுள் முழுக்க ஆராயும் இந்த வினாவுக்கு இங்கே இரண்டு வரி விடை போதும். அந்த விடை உண்மைதானா என்று கிட் சரிபார்ப்பதில்லை.

4. பிழைதிருத்த இயல்

ஆய்வாளர் கவனத்துக்கு மிகவும் உரியது ஹெல்ப்.ஆட்டோகரெக்ட். கட்டளையைத் தப்பாக அடித்தால், இயல்பு நிலையில் கிட் சரியான சொல்லைப் பரிந்துரைத்துவிட்டு நின்றுகொள்ளும். இந்த விதிக்கு ஓர் எண் தந்தால், அவ்வளவு நேரம் காத்திருந்து, தான் ஊகித்த கட்டளையைத் தானே ஓட்டும். சிக்கல் அலகில் இருக்கிறது: எண் குறிப்பது விநாடியை அன்று, விநாடியில் பத்தில் ஒரு பங்கை. சொல்லியல் விதிப்படி 1 என்றால் ஆம் என்று நம்பி எழுதியவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்த அவகாசம் 0.1 விநாடி. கண்ணால் கண்டதற்கு விரல் எதிர்வினை புரியவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். எனவே அந்த அறிவிப்பு தடுப்பதற்கன்று, வருந்துவதற்கே என்பது துணிபு. 2025இல் வந்த 2.49ஆம் பதிப்பு 1 என்பதற்கு 'உடனே ஓட்டு' என்று பொருள் மாற்றி, வருந்தும் அவகாசத்தையும் நீக்கிவிட்டது. நிதானம் விரும்புவோர் 30 என எழுதினால் 3 விநாடி கிடைக்கும்.

5. குறுக்கவியல்

நீண்ட கட்டளைக்கு மாற்றுப்பெயர் சூட்ட அலையஸ் பகுதி உண்டு. ஸ்டேட்டஸ் என்பதன் ஆறு ஆங்கில எழுத்துகளை இரண்டாக்கினால் முறைக்கு நான்கு எழுத்து மிச்சம். மிஞ்சிய நேரம் அடுத்த மாற்றுப்பெயரை யோசிப்பதில் செலவாவதால், நிகர லாபம் சுழி என்று கொள்க. கிட்டின் சொந்தக் கட்டளைப் பெயரையே மாற்றுப்பெயராக வைத்தால், கிட் அதைச் சொல்லாமலே புறக்கணிக்கும்.

6. புறனடை

எந்த விதி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என அறிய, 'கிட் கான்ஃபிக்' கட்டளையோடு 'லிஸ்ட்', 'ஷோ ஆரிஜின்' இரண்டையும் சேர்க்க வேண்டும். ஏன் வந்தது என்பதை எந்தக் கட்டளையும் சொல்லாது. அதற்காகவே அரைப்புள்ளிக்கும் ஹேஷ் குறிக்கும் பின்னால் குறிப்பு எழுத இடம் விடப்பட்டுள்ளது. விதி எழுதுவோர் காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிவைப்பது நலம்.