முகூர்த்தமும் ஷேர் மார்க்கெட்டும்

முதன்முதலாக இரண்டு லட்சம் சேர்த்திருக்கிறேன். பத்து மாதத்தில் தங்கை கல்யாணம். ஷேரில் போட்டால் நாலு லட்சம் ஆகுமா?
– ஒரு வாசகர், ஹிஞ்சவடி, புனே

சந்தை இறங்கிக் கிடந்தால், ஏறும்வரை முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்களா?

எஃப்.டி.யில் போடுங்கள், தம்பி. கூடுதல் வட்டிக்கு மயங்காமல், எந்த வங்கி என்றும் பாருங்கள். உங்கள் புனேயின் ருபீ கூட்டுறவு வங்கிக்கு 2013-ல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. போட்ட பணத்தை எடுக்க முடியாமல் வருடக்கணக்கில் தவித்தார்கள். 2022-ல் உரிமமே ரத்து. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஆனால், அது கைக்கு வர 90 நாள் ஆகலாம். மண்டபக்காரர் அதுவரை பொறுப்பாரா?