கிழக்கு நோக்கி நீளும் கை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட எந்த உள்ளாட்சி மன்றமாயினும், மனைப்பிரிவு ஒன்றைப் பற்றிய பொருள் வாசிக்கப்பட்டு, அங்கு விழும் மழைநீர் எவ்வழியே வடியும் என்று எவரேனும் கேட்டுவிட்டால், இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு வலக்கை எழுந்து கிழக்கு நோக்கி நீளும். "அந்தாண்ட வாய்க்கா இருக்குது, கெழக்கால போயிடும்" என்பது அக்கையோடு வரும் வாசகம். மனைப்பிரிவு என்பது வயலையோ தோப்பையோ சாலைகளும் மனைகளுமாகக் கூறுபோட்டு, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலோடு விற்கப்படும் நிலமாகும். பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்துத் தானப் பத்திரம் வாயிலாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. தானமாக வரும் பூங்காவையும் சாலையையும் அளந்து பெற்றுக்கொள்ளும் மன்றம், அவற்றோடு சொல்லாமல் வந்து சேரும் தண்ணீரை அளப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் கைகாட்டி உறுப்பினர் பிறக்கிறார்.

அக்கையைத் தனியே ஆராய்வது தகும். சன்னல்கள் அடைக்கப்பட்ட குளிர்சாதனக் கூடத்திலும், இருக்கைகள் திருப்பிப் போடப்பட்ட விழா மண்டபத்திலும், கழிப்பறை எந்தப் பக்கம் என்று மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கும் புதுக் கட்டடத்திலும் கிழக்குத் திசை அவருக்குத் தவறுவதில்லை. ஆணையரின் நாற்காலி கிழக்குச் சுவரையொட்டி அமைந்துவிட்டால் கை நேரே ஆணையர் மார்பை நோக்கி நீள, அவரும் வெள்ளம் தம் வழியாகத்தான் போகப்போகிறதோ என்பதுபோல் ஒரு கணம் ஒதுங்கி அமர்வார். ஐம்பது மனைகளுக்கு உட்பட்ட பிரிவென்றால் முழங்கை மடிந்தே இருக்கும். நூற்றைத் தாண்டினால் முழுக்கையும் நீளும். இருநூறு மனையும் ஒரு திருமண மண்டபமும் என்றால் உறுப்பினர் இருக்கையை விட்டுப் பாதி எழுந்து, சுட்டுவிரலின் நுனி வரை நீட்டிவிடுவார். ஒலிவாங்கியையோ வடையையோ இடக்கையில் வைத்துக்கொள்வது இதற்காகவே. தோளிலிருந்து விரல்நுனி வரை அக்கையில் காணப்படும் சரிவு, அது சுட்டும் நிலத்தில் கிலோமீட்டர் கணக்கில் நடந்தாலும் கிடைக்காது என்பதை மட்டம் பார்க்கும் பொறியாளர்கள் அறிவார்கள். அறிந்தும், பொருள் நிறைவேறும்வரை கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவர் பொய் சொல்வதில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். தென்பெண்ணை, கெடிலம், நெய்வேலிச் சுரங்கங்களின் நீரையும் சேர்த்துக்கொண்டு வரும் பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் முடிவது கிழக்கே வங்கக் கடலில்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் கடலும் கொந்தளித்து நிற்கும். நாளுக்கு இருமுறை ஏறும் ஓதம், அதாவது கடல்மட்ட ஏற்றம், கழிமுகத்திற்குள் புகுந்து ஆற்றை எதிர்த்துத் தள்ளும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் அதுவும் ஒரு தடை. கூட்டம் நெருக்கும் வேளை பார்த்துப் பலகையைச் சாத்திவிடும் டிக்கெட் கவுண்டரைப் போன்றது அப்போதைய கடல். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும், ஃபெஞ்சல் புயலின் பின் 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தபோதும், தண்ணீர் கிழக்கே போகத்தான் முயன்றது. போகும் வழியில் வீடுகளுக்குள்ளும் எட்டிப் பார்த்தது.

புதிய மனைகளுக்குக் கிராவல் அடித்து இரண்டடி, மூன்றடி உயர்த்துவது வழக்கம். முன்பு வரப்புக்குள் தேங்கி மெல்ல வடிந்த மழை, உயர்த்திய மனையிலிருந்து உடனே இறங்கிப் பக்கத்துப் பழைய தெருவில் நிற்கும். கைகாட்டி உறுப்பினர் வாய்க்கால் என்று குறிப்பிடுவது பல சமயம் அந்தத் தெருவைத்தான்.

தெருவையும் தாண்டிப் போகும் நீருக்கு வேறு கதை உண்டு. சிதம்பரம் நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஓடும் கான் சாகிப் வாய்க்கால் பிச்சாவரத்து உப்பங்கழிகளை நோக்கியே செல்கிறது. ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அந்த அலையாத்திக் காடு, 2004 சுனாமியின்போது தனக்குப் பின்னிருந்த ஊர்களுக்கு அரணாக நின்றதும், 2022இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டதும் எல்லாரும் அறிந்தவை. சுற்றுலாப் படகில் விருந்தினரை ஏற்றும்போது பெருமைக்குரியதாக இருக்கும் கிழக்கு, கூட்டத்தில் கை நீளும்போது கழிவுநீர் போய்ச் சேரும் இடமாக மட்டும் ஆகிவிடுகிறது. அங்கே இறாலும் நண்டும் பிடித்து வாழ்வோரிடம் எந்த மனைப்பிரிவைப் பற்றியும் ஒரு சொல் கேட்கப்படுவதில்லை. கிழக்குக்கு அம்மன்றத்தில் வார்டு இல்லை.

ஆயினும் மழைக்காலத்தில் அவ்வுறுப்பினரை வெறுப்பது கடினம். இரவு இரண்டு மணிக்கு வேட்டியை மடித்துக்கட்டி, தொடையளவு நீரில் டார்ச்சுடன் நின்று, ஜேசிபி ஓட்டுநரை எழுப்பி வரவழைத்து, எந்தச் சாலையை எங்கே வெட்டிவிட்டால் நீர் இறங்கும் என்று சரியாகச் சொல்பவர் அவரே. பால் பாக்கெட்டும் உணவுப் பொட்டலமும் எந்த வீட்டு மாடிக்கு முதலில் போக வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். வார்டின் மேடு பள்ளம் முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்பது அன்றிரவு வெளிப்பட்டுவிடுகிறது. எரிச்சல் மூளுவதும் அங்கேதான். நள்ளிரவில் தெரிந்த பள்ளம் கூட்டத்தில் மட்டும் தெரியாமற்போவது அறியாமையன்று; மனை போடுபவரின் மனம் நோகக்கூடாது என்ற தயவு. அத்தயவின் செலவை வீட்டுக்கடன் தவணை கட்டுபவரே பின்னர் ஏற்கிறார்.

வெள்ள அபாயமுள்ள நிலத்திற்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கும் நடைமுறை ஏற்கெனவே உண்டு. அதனோடு இரண்டு எண்களை மன்றம் கேட்டால் போதும்: மனையிலிருந்து நீர் வெளியேறும் இடத்தின் மட்டம் ஒன்று, அது சேரவேண்டிய வாய்க்காலில் மழைக்காலத்து உயர்ந்த நீர்மட்டம் மற்றொன்று. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், தண்ணீர் மேற்கு நோக்கித் திரும்பி வரும். அவ்விரண்டும் வரைபடத்தில் எழுதப்படாத பொருளை உறுப்பினர்கள் ஒத்திவைக்க வேண்டும்.