தேரும் காரும்

கே: ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசை. கடன் வாங்கியாவது போர்ஷே வாங்கவா, இருக்கிற பழைய ஸ்விஃப்ட்டே போதுமா?
– வாசகர், இராஜபாளையம்

ப: பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைப் பார்த்ததில்லையா? இழுப்பது ஊர், வீதி முனையில் திருப்புவது முட்டுக்கட்டை போடுபவர் கை! டிராக்கும் அப்படித்தான். நேர்ப்பாதையில் பணம் ஓடும். வளைவில் பிரேக்கும் டயரும் ஓட்டுபவரின் நிதானமும்தான் பேசும்.

கோவை கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டினார். அந்த வகைக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர். எனவே உங்கள் ஸ்விஃப்ட்டே போதும்; முதலில் அதற்குப் பிரேக் பேட், பிரேக் ஆயில், நல்ல டயர் மாற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கிளம்புங்கள். போர்ஷே டயர் தேயும்போது பாஸ்புக்கும் சேர்ந்து தேயும்!