கட்டிப் போட்ட பேரன்

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் வீடியோ காலில் கோபித்துக்கொண்டு போனை அப்பா கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாய் அல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. தம்பியைப் படிக்கச் சொல்லிக் கேள். நடுவில் அவனுக்கும் ஒரு பத்தி இருக்கிறது, அதைத் தாண்டிப் போகிறானா என்று கவனித்துக்கொள்.

நீ கேட்டது இதுதான்: "பச்சப்புள்ளய இன்னாத்துக்குடா மாட்டக் கட்டுற மாதிரி கட்டிப் போட்டுக்கினு போற? எம்மடியில வச்சிக்கினா ஆவாதா?"

கட்டுவது உண்மை. ஆனால் மாட்டுக்கு ஒரு கயிறு, உன் பேரனுக்கு ஐந்து வார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவே ஒன்று. எல்லாம் அடிவயிற்றுக்கு நேரே ஒரு பூட்டில் வந்து சேரும். நெஞ்சில் இன்னொரு கிளிப். அது அக்குள் உயரத்தில் இருக்க வேண்டும். வயிற்றுக்கு இறங்கினால் தப்பு, கழுத்துக்கு ஏறினாலும் தப்பு. பூட்டிய பிறகு தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். துணி விரலில் மடிந்து வந்தால் தொளதொளப்பு, இன்னும் இழு. கிள்ள வராமல் வழுக்கினால் சரி. மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டிவிட்ட மாமா கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யவில்லை.

இத்தனையும் அவன் சும்மா உட்கார்ந்திருந்தால்தான். சீட்டைப் பார்த்ததுமே முதலில் வில்லாக வளைவான். வயிற்றை மேலே தூக்கித் தலையைப் பின்னால் தள்ளி, குதிகாலால் காரின் முதுகை உதைப்பான். அடுத்தது பலகை ஆசனம்: இடுப்பு மடங்காது, முட்டி மடங்காது, இருபது மாதக் குழந்தை இரும்புப் பாளமாகிவிடும். மூன்றாவது இன்னும் மோசம். எலும்பே இல்லாதவன் போல் வாருக்கு அடியில் வழிந்து கீழே இறங்கிவிடுவான். நான் பாதி உடம்பு காருக்குள்ளே, பாதி வெளியே, ஒரு கையில் அவன் கால், வாயில் கார் சாவி. பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரப் பாட்டி தினமும் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் இதைப் பார்க்க வெளியே வருகிறாள்.

இந்தச் சீட்டின் சரித்திரத்தையும் கேள். அவன் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிறோம். நர்ஸ் வந்து, "கார் சீட் எங்கே?" என்றாள். நீ கொடுத்தனுப்பிய பழம்புடவையில் சுற்றித் தயாராக வைத்திருந்தோம். அவள் புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கீழே ஓடி, பெட்டி பிரிக்காமல் கிடந்த சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு நூறு பக்கத்துக்கு ஒரு கையேடு. அதில் காலாவதித் தேதி வேறு, ஊறுகாய் பாட்டில் மாதிரி. விலையை ரூபாயில் மாற்றிக் கேட்காதே, நான் சொல்ல மாட்டேன்.

நானே மாட்டினேன். இன்ஜினியர் அல்லவா! ஒரு வருஷம் கழித்துப் பெரிய சீட் வாங்கியபோதும் நானேதான். உன் மருமகளுக்கு நம்பிக்கை வரவில்லை. இங்கே நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் அலுவலகங்களில் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நேரம் குறித்துக்கொண்டு போனால் காசு வாங்காமல் சீட்டைச் சோதித்துக் கொடுப்பார்கள். போனோம். இடுப்பில் துப்பாக்கியோடு ஆறடி ஆள் ஒருவர் வந்து, பெல்ட் நுழைகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாதாம். நம் சீட் தேர் அசைகிற மாதிரி அசைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. காருக்குள் ஏறி, சீட்டின் மேல் முட்டியை ஊன்றி அழுத்தி, நெல்லு மூட்டையைக் கட்டுகிறவர் போலப் பெல்ட்டை இழுத்தார். வேர்த்துவிட்டது அவருக்கு. போலீஸ்காரர் எனக்காக வேர்த்து நான் பார்த்தது அன்றுதான்.

"பிள்ளை முகத்தை ஏன் பின்னால திருப்பி வச்சிருக்க, சாமிக்கு முதுகு காட்டுற மாதிரி?" என்றாயே, அது இந்த மாநிலத்துச் சட்டம். 2017 ஜனவரியிலிருந்து, இரண்டு வயது நிறையாத பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். நாற்பது பவுண்டு எடையோ நாற்பது அங்குல உயரமோ வந்திருந்தால் மட்டும் விலக்கு. காரணம் லேசானது. குழந்தைக்குத் தலை பெரிசு, கழுத்து மெல்லிசு. முன்னால் மோதினால், முன்பக்கம் பார்த்த பிள்ளையின் தலை வீசி எறிந்த மாதிரி போகும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே சேர்த்து ஏந்திக்கொள்ளும். 1964இல் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மேன் இந்த மாதிரிச் சீட்டை முதலில் செய்து பார்த்தார். ராக்கெட்டில் போகிறவர்கள் முதுகு முழுக்கத் தாங்கும்படி சாய்ந்து படுத்திருப்பதைப் பார்த்து வந்த யோசனையாம். ஆக, உன் பேரன் இட்லித் துணுக்குகளுக்கு நடுவே விண்வெளி வீரன் மாதிரி போய்வந்துகொண்டிருக்கிறான்.

எட்டு வயது வரைக்கும் பின்சீட்டில் ஏதாவது ஒரு பிள்ளைச் சீட்டு வேண்டும். நாலடி ஒன்பது அங்குலம் வளர்ந்துவிட்டால் அதற்கு முன்பே விட்டுவிடுவார்கள். சின்ன ஆயாவின் உயரம் நாலடி எட்டு. வயது எழுபதைத் தாண்டியதால் தப்பித்தாள்.

இப்போது மடி விவகாரம். உன் மடியைக் குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் கேள். இந்த நாட்டில் முதல் கார் சீட் சட்டம் அமலுக்கு வந்தது டென்னசி மாநிலத்தில், 1978இல். ராபர்ட் சாண்டர்ஸ் என்கிற குழந்தை மருத்துவர் வருஷக்கணக்காக அலைந்து வாங்கிய சட்டம் அது. அதிலேயே ஒரு ஓட்டையும் வைத்துவிட்டார்கள்: பெரியவர் யாராவது குழந்தையைக் கையில் வைத்திருந்தால் சீட்டு வேண்டாம் என்று. அந்த ஊரிலும் உன்னை மாதிரி ஆயாக்கள் இருந்திருக்கிறார்கள், பார். அவர் விடவில்லை. மறுபடி அலைந்து 1981இல் அந்த ஓட்டையை அடைத்தார்.

ஏன் அடைத்தார் என்று உனக்குத் தெரிந்த அளவுகோலால் சொல்கிறேன். நம் அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி, பதினொரு நிலை. இங்கே ஃப்ரீவேயில் 65 மைல் வேகத்தில் போகிறோம், அங்கத்திய கணக்கில் மணிக்கு நூற்றைந்து கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகிற கார் சட்டென்று எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கிறவருக்கு அது 140 அடி உயரத்திலிருந்து விழுகிற வேகம். ராஜகோபுரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கீழே. கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. ஊருக்குள் 25 மைலில் மெதுவாகத்தான் போகிறோம் என்றாலும் இருபது அடி, நம் வீட்டு மொட்டை மாடி. அங்கிருந்து பன்னிரண்டு கிலோ பிள்ளையோடு விழுந்தால் எந்தக் கையும் பிடியை விட்டுவிடும், அம்மா. உன் கையும்தான்.

நான் வளர்ந்த கதை எனக்கு மறக்கவில்லை. பெரியப்பாவின் அம்பாசிடரில் சாத்தனூர் டேமுக்குப் போனோமே, டிரைவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். நான் முன்சீட்டில் அப்பா மடியில், கியர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு. புளியோதரைத் தூக்கு சாய்ந்துவிடக் கூடாது என்று நீ அப்பாவின் துண்டை வைத்துச் சீட்டோடு சேர்த்துக் கட்டினாய். அன்று அந்தக் காரில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது அந்தத் தூக்கு ஒன்றுதான். ஒரு பருக்கை சிந்தவில்லை.

தம்பி, இங்கிருந்து உனக்கு. பாப்பாவை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து செங்கம் ரோட்டில் போகிற வீடியோவைப் பார்த்தேன். இது அமெரிக்கக் கூத்து என்று சொல்லாதே. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலேயே, பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் காரில் பெல்ட்டோ பிள்ளைச் சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு சக்கர வண்டிக்கும் விதி வந்துவிட்டது: நாலு வயதுக்குக் கீழே என்றால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, தலைக்கு ஹெல்மெட், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. பிறந்த நாளுக்குப் பாப்பாவுக்குச் சின்ன ஹெல்மெட் வாங்கி வருகிறேன். பொம்மை வேண்டும் என்று அவள் அழுதால் நீயே சமாளி.

அம்மா, ஒரு நல்ல சேதியும் உண்டு. அவன் இப்போது அழுவதில்லை. போன மாதம் ஒரு நாள் ஃப்ரீவேயில் போகும்போதே நெஞ்சு கிளிப்பைத் திறந்து இரண்டு கையையும் வெளியே எடுத்துவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கைதட்டினான். அடுத்த வழியில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். அடிக்கவும் மனசில்லை, கெஞ்சியும் பயனில்லை. அப்போது உன் மருமகளுக்குத் தோன்றியதுதான் இடுக்குப் பிள்ளையார். கிரிவலப் பாதையில் அந்தக் குட்டிக் கோயிலுக்குள் ஒருக்களித்துப் படுத்து நெளிந்து நெளிந்து வெளியே வருவோமே, அதே விளையாட்டு. "இந்தக் கை எங்க நுழையுது? இடுக்குல நுழையுது. அந்தக் கை? அதுவும் இடுக்குல. பூட்டு எங்க?" கிளிப்பை மட்டும் அவனே இரண்டு கட்டைவிரலாலும் அழுத்த வேண்டும். 'டக்' என்று சத்தம் கேட்டதும் மூன்று பேரும் சேர்ந்து, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" அந்த அரோகரா வராமல் நான் சாவியைத் திருப்புவதில்லை. மழையோ, ஆபீசுக்கு நேரமாகிறதோ, விதி விதிதான். இரண்டு நாள் கார் இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாம் நாள் முதல் அவனே அவசரப்படுத்துகிறான். இப்போது எங்கே 'டக்' கேட்டாலும், "அயோயா!" மெக்சிகோக்காரப் பாட்டி கூடச் செடிக்கு நடுவிலிருந்து கை தூக்கி, "அயோயா!"

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே பொய். போன கார்த்திகை தீபத்துக்கு வந்தோமே, வேண்டுதல்படி அவனைக் கரும்புத் தொட்டிலில் போட்டு மாட வீதி சுற்றினோம். ஒரு முனை என் தோளில், மறு முனை உன் மருமகள் தோளில், மஞ்சள் புடவைக்குள் அவன் தூங்கியே போனான். நடக்கிற வேகம், கூட்டம் வேறு தாங்கலாக. அந்தத் தொட்டிலுக்கு எந்த வாரும் வேண்டாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அதற்கு முந்தின நாள் நடந்தது. சென்னையில் இறங்கி டாக்சியில் ஏறும்போது, கடல் தாண்டித் தூக்கி வந்த கார் சீட்டை டிக்கியில் போட்டுவிட்டு, அவனை உன் மடியில் கொடுத்தது யார்? நான்தான். இங்கே கேட்க ஆள் இல்லை என்கிற தைரியம். திண்டிவனம், செஞ்சி வழியாக நாலு மணி நேரம் அப்படியே வந்தோம். இடையில் ஒரு லாரி குறுக்கே வந்து டிரைவர் பிரேக் அடித்தாரே, நினைவிருக்கிறதா? உன் கை அவன் நெற்றியை மறைத்தது, உன் நெற்றி முன்சீட்டில் இடித்தது. நீ விபூதி பூசிக்கொண்டு சிரித்தாய். நான் அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்தத் தீபத்துக்கும் வருகிறோம். ஏர்போர்ட்டுக்கு நீ வராமல் இருக்க மாட்டாய் என்று தெரியும். அதே டிரைவர் அண்ணனுக்குச் சொல்லி வை. பின்சீட்டு பெல்ட்டுகளை அவர் சீட் கவருக்கு அடியில் செருகி மறைத்து வைத்திருக்கிறார். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கவரைத் தூக்கி, இரண்டு பக்கத்து பெல்ட்டையும் பூட்டோடு வெளியே எடுத்து, இழுத்தால் வருகிறதா என்று பார்த்து வைக்கச் சொல். ஒன்று அவன் சீட்டுக்கு. இன்னொன்று உனக்கு.

இப்படிக்கு,
உன் பெரிய மகன்