கடித்தால் யாருடையது? வன்னி ஒழுங்கைகளில் நாயுடைமை பற்றி ஓர் ஆய்வு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஏதாவதொரு ஒழுங்கைக்குள் இறங்கி, "இந்த நாய் ஆற்ற?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வராது. "ஏன், கடிச்சுப்போட்டுதோ?" என்ற மறுகேள்விதான் வரும். அந்த மறுகேள்வியிலிருந்தே நமது கருதுகோள் பிறக்கிறது: வன்னியில் நாயின் உடைமை நிலையானதல்ல, நடந்த சம்பவத்தைப் பொறுத்து அது மாறும். கள்ளன் வந்த இரவில் குரைத்தால் அது "எங்கட வீமன்". விடியற்காலை அயல்வீட்டுக் கோழி செத்துக் கிடந்தால் அதே வீமன் "உதில திரியிற ஒரு கட்டாக்காலி".

முதலில் ஆய்வுக்களம். எந்த வேலியானாலும், கிடுகோ தகரமோ முள்ளுக்கம்பியோ, அதன் அடியில் இரண்டு கதியால்களுக்கு நடுவே ஒரு பொட்டு இருக்கும். நாய்கள் போய்வந்து அதன் மண் வழுவழுப்பாகி இருக்கும். கம்பி முனையில் நாலு மயிர் ஒட்டியிருக்கும். அந்த மயிரின் நிறத்தை வைத்து இரவு வந்து போனது எந்த வீட்டு நாய் என்று சொல்லும் தடயவியல் அறிவு நம் தாய்மாரிடம் உண்டு. எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை கணக்கில் முகம் பார்க்காத சனம், பொட்டை மட்டும் பேசிவைத்தாற்போல் திறந்தே விட்டிருக்கிறது. காரணம் எளிது. அடைக்கப் போகிறவர், அதற்குள்ளால் போனது தன் நாய்தான் என்று ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார்.

இனிக் குட்டிகள். பெட்டை நாய் சினைப்பட்டு ஏறக்குறைய 63 நாளில் ஈனும். ஐந்தாறு குட்டி சாதாரணம். தகப்பன் யார் என்பதில்தான் ஒழுங்கை இரண்டாகும்.

"உங்கட கறுவல்தான் அன்ரி, நான் கண்ணால கண்டனான்."

"எங்கட கறுவல் படலை தாண்டுறேல்லை தம்பி. அந்தச் செவலைக்குட்டி ஆற்ற சாயல் எண்டு ஊருக்கே தெரியும்."

விஞ்ஞானம் இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறது: ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறுவேறு தகப்பன்கள் இருக்கலாம். கறுவலும் எதிரி, செவலையும் எதிரி. ஆனால் தண்டனை எந்தக் கடுவனுக்கும் இல்லை. எந்த வளவில் கண் விழித்தனவோ அந்த வளவுக்காரர் தலையில்தான் குட்டிகள் விழும். (மனிதரோடு இதை ஒப்பிடுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) அதனால் வயிறு தள்ளிய பெட்டையை எல்லா வளவிலும் கல்லெறிந்து கலைப்பார்கள். அது கடைசியில் ஆளில்லாத வீடொன்றின் விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் ஈனும். தன் வளவில் ஆறு குட்டி பிறந்தது கனடாவில் இருக்கும் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

ஆறேழு கிழமையில் பங்கீடு. கடுவன்குட்டிகளை வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டைக்குட்டிகள் பொழுதுபட்டபின் உரப்பையில் ஏறி, மோட்டார் சைக்கிளில் சந்தையின் பின்பக்கத்துக்கோ வைரவர் கோயிலடிக்கோ போகும். நாய் வைரவரின் வாகனம் என்பதால், விட்டவருக்கு அது பாவமாகவும் படாது. இதன் விளைவை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. கடுவனை வீட்டில் கட்டி, பெட்டையைத் தெருவில் விடுகிறோம். ஒரு வயதுக்குள்ளேயே சினைப்படக்கூடிய, வருடத்துக்கு இருமுறை ஈனக்கூடிய உயிரைத் தெரிந்தெடுத்துச் சந்திக்குச் சந்தி நடுகிறோம். நெல்லில் இப்படி விளைச்சல் கண்டிருந்தால் இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்குச் சண்டையே வந்திராது.

சட்டம் என்ன சொல்கிறது? ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை, அயல் வளவுக்குள் சாய்ந்த மரத்தின் பழம் யாருக்கு என்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. பொட்டுக்குள்ளால் போன கடுவனைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆங்கிலேயர் 1901இல் நாய்களைப் பதியச் சொன்னார்கள். பதிந்தால் நாய் நம்முடையதாகிவிடும் என்ற ஆபத்து அதில் இருப்பதால் அதற்குக் கிடைத்த மரியாதை தெரிந்ததே. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்பது 2006 முதல் அரசின் கொள்கை; கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் உண்டு. அப்படியொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் சனம் தேடுவது உரப்பையைத்தான்.

நட்டஈட்டுக்கு வருவோம். நாய் கடித்துச் செத்த கோழிகளில் முட்டை போடாத கோழி என்று ஒன்று வன்னியில் இருந்ததே இல்லை; ஆடென்றால் அது சினையாடு. விதானையாரிடம் தீராதது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைக்குப் போகும்.

இந்த இடத்தில் பகிடி நிற்கிறது. 2025இல் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஆட்டைக் கடித்த நாயொன்றின் பிணக்கு சபைக்குப் போய், நாய் ஆட்டுக்காரர் தரப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அது தூக்கிலிடப்பட்டது. இது தொடர்பாகப் பெண்ணொருவரை மாங்குளம் பொலிசார் கைதுசெய்தனர். கடித்த மிருகத்தைக் கையளிப்பது புதிய யோசனையல்ல. நட்டத்தைக் கட்டு, இல்லையேல் மிருகத்தைக் கொடு என்றுதான் பழைய உரோமரின் பன்னிரு பலகைச் சட்டமும் சொன்னது. நம் பொதுச்சட்டமான உரோம டச்சுச் சட்டத்துக்கு அது பாட்டன் முறை. கொடுத்தபின் மிருகத்துக்கு என்ன நடக்கும் என்பதை அங்கேயும் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை. மிருகவதைக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்ச அபராதம் 100 ரூபாய். மூன்று மாதம் வரை மறியலும் உண்டு. அந்த நாய்க்கு உடையவர் என்று ஒருவர் இருந்தார். அதற்கு வந்த வினையும் அதுதான். பதியாத, பெயர் சொல்லாத, பொட்டை அடைக்காத நம் சனத்தின் கெட்டித்தனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விசர்நாய்த் தடுப்பூசி போட வரும் நாளிலும் இதே கெட்டித்தனம்தான். ஊசி இலவசம். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒழுங்கை ஒழுங்கையாகக் கூப்பிட்டுப் போகும். பெரியவர்கள் வரமாட்டார்கள், பழைய சாரத்தைக் கிழித்துக் கழுத்தில் கட்டி, பெடியனிடம் கொடுத்து அனுப்புவார்கள்.

"பேர் என்ன தம்பி?"

"ஜிம்மி."

"நாயின்ர பேர் இல்லை, வீட்டுக்காரரின்ர பேர்."

"அதைச் சொல்ல வேண்டாமெண்டு அம்மா சொன்னவ."