கோடை முகாமுக்குச் சுகர் ஆகாது

ஏப்ரல் பாதி தாண்டினால் போதும், அம்பத்தூர் ஓ.டி. தொடங்கி ஆவடி வரை கம்பத்துக்குக் கம்பம் குழந்தைகளின் எதிர்காலம் தொங்கும். கீபோர்டு, அபாகஸ், சிலம்பம், ஸ்கேட்டிங், கையெழுத்துத் திருத்தம், ஆளுமை வளர்ச்சி. பூந்தமல்லி பக்கம் போனால் ரோபாட்டிக்ஸும் சேர்ந்துகொள்ளும். ஃப்ளெக்ஸில் சிரிக்கும் குழந்தை மாறலாம், மாஸ்டர் மாறலாம், ஒரு வரி மட்டும் மாறாது: ‘ஒவ்வொரு குழந்தையும் ஸ்பெஷல்.’

அந்த வரியை நம்பி, டைப் ஒன் சர்க்கரை நோயுள்ள மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் படியேறுகிறாள் என்று வையுங்கள். ஐந்நூறு ரூபாய் பதிவுக் கட்டணம் வாங்கும் வரை குழந்தை ஸ்பெஷல்தான். ரசீது கிழித்த பிறகுதான் படிவம் வரும். முன்பக்கம் பெயர், வகுப்பு, டி-ஷர்ட் அளவு. பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல, அடிபட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல, நகை தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. எதற்குமே பொறுப்பில்லாத இந்த நிர்வாகம்தான், மேலே கொட்டை எழுத்தில், பொறுப்புள்ள குடிமக்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது.

‘உடல்நலக் குறைபாடு ஏதேனும்’ என்ற கட்டத்தில் அம்மா உண்மையை எழுதிவிடுகிறாள். அங்கே தொடங்குகிறது ஆளுமை வளர்ச்சி.

‘டெய்லி ஊசியா மேடம்? பார்த்தா நார்மலாத்தானே இருக்கா?’

‘சாப்பாட்டுக்கு முன்னாடி அவளே இன்சுலின் பேனாவுல போட்டுக்குவா சார். லோ ஆனா மட்டும் குளுக்கோஸ் கொடுத்து உட்கார வச்சாப் போதும்.’

‘ரிஸ்க் மேடம். மத்த பேரன்ட்ஸ் பார்த்தா என்ன நினைப்பாங்க? சின்ன வயசுல ஸ்வீட் நிறைய கொடுத்துட்டீங்களோ?’

இல்லை ஐயா. மைசூர்பாகு தின்று வருவதில்லை இது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுவதால் வருவது. அம்மா செய்த குற்றம் இதில் ஒன்றும் இல்லை, படிவத்தில் உண்மையை எழுதியதைத் தவிர.

அவள் கேட்டதுதான் என்ன? சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், பதினைந்து நிமிட ஓய்வு, மறுபடி ஒரு பரிசோதனை. மே மாத அம்பத்தூர் வெயிலில் இன்சுலின் கெட்டுப்போகாமல் இருக்க ஃபிரிட்ஜில் ஒரு மூலை. ஆனால் மூலை காலி இல்லை. அங்கே தொடக்க விழாவுக்கான ரோஸ்மில்க் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் நடப்பது சர்க்கரை நோய் என்றால் என்னவென்றே தெரியாத ஊரிலா? 1948லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார் பேராசிரியர் எம். விசுவநாதன். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023ல் கணக்குச் சொன்ன ஆய்வை முன்னின்று நடத்தியதும் இந்தச் சென்னையில் உள்ள நிறுவனம்தான். இங்கே ‘சுகர் எவ்வளவு சார்?’ என்பது குசல விசாரிப்பு. நிறைவு விழா மேடையில் சிறப்பு விருந்தினருக்குத் தலை சுற்றட்டும், பார்க்கலாம். ஒருவர் ஜூஸோடு ஓடுவார், ஒருவர் பிஸ்கட்டைப் பிரிப்பார், ஒருவர் ஃபேனைத் திருப்புவார். ‘ஐயாவுக்கு லோ ஆயிடுச்சு’ என்று நொடியில் கண்டுபிடிக்கும் அத்தனை பேருக்கும், பத்து வயதுப் பெண்ணுக்கு அதே லோ வந்தால் மட்டும் கை கால் ஓடாதாம். ஐயாவைப் பார்த்து யாரும் ‘ரிஸ்க்’ என்றதில்லை.

அரசாங்கத்தின் கருணையையும் சொல்லியாக வேண்டும். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. தலசீமியாவும் ஹீமோஃபீலியாவும் இருக்கின்றன, நியாயம்தான். டைப் ஒன் இல்லை. 2017ல் சி.பி.எஸ்.இ. மனமிரங்கி, பொதுத்தேர்வு எழுதும் சர்க்கரைக் குழந்தைகள் மிட்டாயும் வாழைப்பழமும் கொண்டுவரலாம் என்றது. அதாவது, மதிப்பெண் எடுக்கும் மூன்று மணி நேரம் நோய் செல்லுபடியாகும். குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் 2023ல் ஒருபடி மேலே போய், வகுப்பறையிலேயே ஊசி போட விடுங்கள், மருத்துவர் சொன்னபடி விளையாடவும் விடுங்கள் என்று எழுதியது. நல்ல கடிதம். ஆனால் அது பள்ளிகளுக்கு. மே மாதம் வந்தால் அதே கட்டடம், அதே மிஸ், அதே மணல் மைதானம், போர்டில் மட்டும் ‘அகாடமி’. அகாடமிக்கு யார் கடிதம் போட்டார்கள்?

மனிதனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டது 1922ல். மூன்றே ஆண்டில், 1925ல், அமெரிக்காவின் மிச்சிகனில் லெனார்டு வென்ட் என்ற மருத்துவர் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கென்றே கோடை முகாம் நடத்திவிட்டார். அன்று குளுக்கோமீட்டர் கிடையாது, பேனா கிடையாது. சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்த்துச் சர்க்கரை கண்டுபிடித்த காலம். நமக்கு நூறு ஆண்டு போதவில்லை.

ஆவடியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 1955ல் எல்லோருக்கும் சமமான சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஊர். ராணுவத்துக்கு டாங்கி செய்து அனுப்புகிற ஊர். அந்த ஊர், ஒரு சிறுமியின் பையில் இருக்கும் நாலு மில்லிமீட்டர் ஊசியைப் பார்த்து நடுங்குகிறது.

கடைசியில் அம்மா பதிவுக் கட்டணத்தையாவது திருப்பிக் கேட்கிறாள். ஆயுளுக்கும் ஊசி போடவேண்டிய குழந்தையின் அம்மாவிடம் ஒருங்கிணைப்பாளர் மிகுந்த கனிவோடு சொல்கிறார்: ‘ரீஃபண்ட் கிடையாது மேடம். அடுத்த வருஷம் சுகர் சரியானதும் கூட்டிட்டு வாங்க, அதுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.’